வால் தாழ்ந்த பிக்கப்

என் அக்கா புருஷனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் யாரும் வந்து, பாவம், அவர் பக்கமும் நியாயம் இருக்குமே என்று ஆரம்பிக்க வேண்டாம். அவர் பக்கத்து நியாயத்தை நான் பல வருஷம் புரட்டிப் புரட்டிப் பார்த்தாயிற்று. இருந்தால் கிடைத்திருக்கும்.

துபாயில் மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். நாங்கள் இருந்தது புஜைராவில், எண்ணெய் டாங்குகளைக் கழுவிக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். அத்தான் அங்கே சூப்பர்வைசர். எனக்கு விசா எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். விசா எடுத்துக் கொடுத்தவரை எதிர்த்துப் பேசக்கூடாது என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்களிடம் எழுதாத சட்டம். ஊரில் அப்பனோடு சண்டை போட்டுவிட்டு ராத்திரி அதே வீட்டில் சாப்பிட்டுப் படுக்கலாம். விசா கொடுத்தவரோடு சண்டை போட்டால் மொத்தக் கேம்ப்பும் நம்மை நன்றிகெட்டவன் என்று பார்க்கும். “நான் கொண்டாந்த பய” என்று புது ஆள் யார் வந்தாலும் அத்தான் என்னைக் காட்டுவார். நான் அவர் விமானத்தில் கொண்டுவந்த பெட்டி மாதிரி பக்கத்தில் நிற்க வேண்டும்.

முதல் இரண்டு வருஷம் டாங்குக்குள் கிடந்தேன். எண்ணெய் வடிந்த பிறகு அடியில் முழங்கால் உயரத்துக்குக் கசடு நிற்கும். அதை அள்ளி வெளியேற்றுவதுதான் வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது அந்த நாற்றம். சோற்றைப் பிசைந்தால் விரலிலிருந்து கிளம்பும். அதிலிருந்து தப்பிக்கத்தான் வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்கள் தூங்கும்போது டிரைவிங் ஸ்கூலுக்கு அலைந்தேன். ஐந்து முறை ஃபெயில். ஆறாவது முறை ஹெவி லைசென்ஸ் கையில் வந்தது. தண்ணீர் டேங்கர் ஓட்டக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் ஜுபைலில் நாலு மாத வேலை ஒன்று கம்பெனிக்குக் கிடைத்தது. தண்ணீரைப் பீய்ச்சி டாங்கைக் கழுவும் பெரிய பம்பு ஒன்றை, அது ஏற்றியிருக்கும் டிரெய்லரோடு, எமிரேட்ஸைக் கடந்து சவூதிக்கு இழுத்துப் போக வேண்டும். ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். அதற்கென்றே ஒரு பிக்கப் வாங்கப் போகிறோம், அதை ஓட்டப்போவது நீ, பம்பு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் வரப்போகும் புது டிரெய்லர் லாரி உனக்கு என்றார் மேனேஜர். போய்ச் சேராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. என் சீட்டுக்கு மூன்று பேர் காத்திருந்தார்கள். மறுபடியும் டாங்குதான் என்று எனக்கே தெரியும்.

வண்டி பார்க்க அத்தானும் நானும் ஷார்ஜாவில் பழைய வண்டிகள் விற்கும் இடத்துக்குப் போனோம். காலையிலிருந்து மதியம் வரைக்கும் ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் அட்டையை விரித்துப் படுத்துப் பார்த்தேன். கடைசியில் இரண்டு தேறின.

ஒன்று சிங்கிள் கேபின், டீசல், நீளமான பழைய வண்டி. பெயின்ட் உரிந்து கிடந்தது, ஏசி இருமியது. ஆனால் கனத்தைத் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தடிமனாக, நெளியாமல் நின்றன. டிரெய்லரை மாட்டும் கொக்கியை நேராக சேஸிஸிலேயே பொருத்தியிருந்தார்கள். டிரெய்லரின் சக்கரங்களுக்குத் தனி பிரேக் உண்டு. அதை டிரைவர் சீட்டிலிருந்தே பிடிக்க ஒரு சின்னப் பெட்டியும் ஸ்டியரிங் பக்கத்தில் இருந்தது. யாரோ கனமான சாமானை இழுத்துப் பிழைத்த வண்டி அது. பார்த்தவுடன் தெரிந்தது.

மற்றது டபுள் கேபின், பெட்ரோல். நிலாக் கலரில் பளபளத்தது. லெதர் சீட், பாட்டுப் பெட்டி, ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி. பின்பக்கப் பட்டைகள் காய்கறி ஏற்றுவதற்குப் போதும். பிரேக் பெட்டி கிடையாது. அத்தான் ஏறி உட்கார்ந்து ஏசியைப் போட்டார். இறங்கவேயில்லை.

“அந்தக் கெழட்டு வண்டில ரெண்டு பேருதான் ஒக்காரலாம்” என்றார்.

“நாம ரெண்டு பேருதான அத்தான் போறோம்.”

“அங்க போயி? நாலு மாசமும் நான் லேபர் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போவணுமோ?”

விஷயம் அவ்வளவுதான். பதினோரு வருஷம் லேபர் பஸ்ஸில் போனவருக்கு சைட்டில் நிலாக் கலர் வண்டியிலிருந்து இறங்க வேண்டும்.

“அத்தான், டிரெய்லர் மூணரை டன்னு. இந்த வண்டி இழுத்துரும். நிறுத்தாது. இழுக்கதுக்குக் கழுதைகூடப் போதும், நிறுத்தத்தான் வண்டி வேணும்.”

கண்ணாடியைப் பாதி இறக்கிப் பேசினார். “நான் விசா எடுக்கயில நீ என்னத்தடே ஓட்டிக்கிட்டுத் திரிஞ்ச? சைக்கிளு. நீ எனக்கு வண்டியப் பத்திப் படிச்சுத் தாரியோ?”

வண்டி விற்கிற பாகிஸ்தான்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தான் அந்த இடத்திலேயே மேனேஜருக்குப் போன் போட்டு, டிரைவர் பார்த்துவிட்டான், இதுதான் சரியான வண்டி என்கிறான் என்று இந்தியில் சொன்னார். அப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். இந்தக் கதையில் என் பங்குத் தப்பு அது ஒன்றுதான். அதை நான் ஒத்துக்கொள்கிறேன்.

கிளம்புகிற அன்று விடிந்ததும் யார்டில் டிரெய்லரை மாட்டினோம். மாட்டியவுடன் டபுள் கேபினின் பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. வழியனுப்ப மேனேஜர் வந்துகொண்டிருந்தார். அத்தானுக்கு முகம் வெளுத்தது. தப்பான வண்டியை வாங்கியிருக்கிறார் என்பது இப்போது தூரத்திலிருந்தே தெரியும். ஓடிப்போய், டிரெய்லரின் முன்னால் இருந்த இரும்புப் பெட்டிகளை எல்லாம் தூக்கிக் கடைசியில் வைக்கச் சொன்னார். ஹோஸ் சுருள்களையும் பின்னால் தள்ளச் சொன்னார். யார்டு ஆட்கள் நாலு பேர் தள்ளினார்கள். டிரெய்லரின் மூக்கில் கனம் குறைந்ததும் பிக்கப் நிமிர்ந்து சமமாக நின்றது. பார்வைக்கு லட்சணம்.

“அத்தான், கனம் முன்னாலதான் இருக்கணும். பின்னால கனத்துச்சுன்னா டிரெய்லர் வால ஆட்டும். நம்மளையும் சேத்து ஆட்டிரும்.”

“மேனேஜர் வாராரு, சும்ம கெட. போற வழியில நிறுத்தி மாத்திக்கிடுவோம்.”

மேனேஜர் வந்தார், பார்த்தார், குட் என்றார். போகிற வழியில் மூன்று இடத்தில் நான் நிறுத்தக் கேட்டேன். முதல் இடத்தில் நேரமாகிவிட்டது என்றார். இரண்டாவது இடத்தில் எல்லையில் கூட்டம் சேர்ந்துவிடும் என்றார். மூன்றாவது இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது அப்படிக் கிடந்தார். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே எல்லைக்கு வந்து, காகிதம் முடித்து, சவூதிப் பக்கம் இறங்கும்போது சாயங்காலமாகிவிட்டது. “இப்பிடிப் போனா நாளைக்குத்தான் சேருவோம். அடிச்சு ஓட்டுடே” என்றார். எண்பதுக்கு ஏற்றினேன்.

நேரான ரோடு. இரண்டு பக்கமும் மணல். பின்னாலிருந்து வந்த பெரிய லாரி ஒன்று எங்களைத் தாண்டியது. அதன் காற்று டிரெய்லரை ஒரு பக்கம் தள்ளியது. அது திரும்பி மறுபக்கம் வந்தது. மறுபடியும் போனது, இன்னும் அகலமாக. பிக்கப்பின் பின்சக்கரங்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

“பிரேக்க அடிடே” என்று அத்தான் என் கையைப் பிடித்தார்.

அடித்திருந்தால் வண்டியும் டிரெய்லரும் மடங்கி அங்கேயே செத்திருப்போம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். டிரெய்லரின் பிரேக்கைத் தனியாகப் பிடிக்க முடிந்திருந்தால் ஆட்டம் நின்றிருக்கும். அந்தப் பெட்டி ஷார்ஜாவில் கிடந்தது. வேகம் குறைந்தது, ஆனாலும் போதவில்லை. மணலில் இறங்கி அரை வட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றோம். டிரெய்லர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. பம்பின் ரேடியேட்டர் நசுங்கிப் பச்சைத் தண்ணீர் மணலில் ஓடியது. எங்களுக்கு ஒன்றுமில்லை. அவர் நெற்றியில் ஒரு வீக்கம், அவ்வளவுதான்.

இறங்கியவுடன் அவர் செய்த முதல் காரியம் மேனேஜருக்குப் போன். “சாப், லோடிங் டிரைவர் நே கியா. ஸ்பீட் பி பஹுத் தா” என்றார். சாமான் ஏற்றியது டிரைவர், வேகமாகப் போனதும் டிரைவர். பத்தடி தள்ளிப் போய்ச் சொல்லும் மரியாதைகூட இல்லை. என் முகத்துக்கு நேரே நின்று சொன்னார். போனை மடக்கிப் பையில் போட்டுவிட்டு, “ஒண்ணும் ஆவாது மாப்ள, நான் பாத்துக்கிடுதேன்” என்று என் தோளைத் தட்டினார்.

சட்டையைப் பிடித்தேன். அடிக்கவில்லை. அடித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

ஜுபைல் கேம்ப்புக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் புஜைராவிலிருந்து ஃபேக்ஸில் ஒரு தாள் வந்தது. கேம்ப் கிளார்க் படித்துச் சொன்னார். பெட்டிகளைப் பின்னால் ஏற்றியதும் அளவுக்கு மீறிய வேகத்தில் போனதும் நான்தான் என்று இரண்டு வரி, கீழே என் கையெழுத்துக்கு இடம். மூன்று நாள் போடவில்லை. பக்கத்து ரூமில் ஒரு நாகர்கோவில் டெக்னீஷியன் இருந்தார். அவரிடம் நடந்ததை எல்லாம் சொல்லி இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி வாங்கினேன். பெட்டிகளைத் தள்ளிய யார்டு ஆட்கள் நாலு பேரையும் போனில் கேட்டேன், உண்மையைச் சொல்கிறோம் என்றார்கள். கடிதம் சட்டைப் பையில் தயாராக இருந்தது. மேனேஜருக்கு அதை அனுப்பினால் தாள் என் பெயரிலிருந்து அத்தான் பெயருக்கு மாறும், அவரை ஊருக்கு அனுப்புவார்கள். அதை நினைக்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

ஃபேக்ஸ் எந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போது ஊரிலிருந்து அக்கா போனில் கூப்பிட்டாள்.

“நீ ஏத்தலன்னு எனக்குத் தெரியும்டே. அவரே எல்லாத்தையும் சொல்லி அழுதாரு.”

போனோடு எந்திரத்தைவிட்டு வாசலுக்கு வந்தேன்.

“அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டுரு. அவருக்கு வேலை போச்சுன்னா இங்க நாலு வயிறு கெடக்கு. ஒனக்கு என்ன, ஒத்தக்கட்ட. இன்னும் ரெண்டு வருசம் டாங்குக்குள்ள எறங்குனா என்ன கொறஞ்சுருவ?”

டாங்குக்குள் என்ன இருக்கும் என்று நான் வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை. வளைகுடாவிலிருந்து யாரும் சொல்வதில்லை. என்ன கேட்கிறாள் என்று அவளுக்குத் தெரியாது, அதனால்தான் கேட்கிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பாள்.

சரிக்கா என்றேன். கிளார்க்கிடம் பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.