நிற்காத பங்கா

பெரியப்பாவுக்குக் காற்று ஒழுங்காக வந்தால் சந்தேகம் வரும்.

அவர் வக்கீல். பால்காரி சிரித்தால் பாலில் தண்ணீர் என்பார். கட்சிக்காரர் குனிந்து கும்பிட்டால் பத்திரம் பொய் என்பார். வருஷம் முழுக்க அந்தச் சந்தேகம் ஜட்கா வண்டி ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி, அக்கரைக் கோர்ட்டில் செலவாகிவிடும். கோடையில் கோர்ட்டை மூடிவிடுவார்கள். அப்போது அது ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே தங்கி, எங்களைச் சுற்றிச் சுற்றி வரும்.

பின்கட்டில் அவருடைய எழுத்து அறை. உத்தரத்திலிருந்து தொங்கியது பங்கா: நீள மரச்சட்டம், அதில் தைத்த வெள்ளைத் துணி. அதன் கயிறு சுவரில் இருந்த ஒரு துளை வழியே வெளியே போய் மறைந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் கொல்லைச் சந்து. அங்கே உட்கார்ந்து மாணிக்கம் இழுப்பான். ஆறு கோடைகளாக இழுத்துக்கொண்டிருந்தான். அவன் முகம் எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது; கயிற்றைத்தான் தெரியும். பகல் இரண்டு மணி வாக்கில் காற்று தளரும், தயங்கும், நின்றே போகும். "டேய் மாணிக்கம்!" என்று பெரியப்பா சுவரைப் பார்த்துக் கத்துவார். கயிறு திடுக்கிட்டு எழுந்து ஓடும். அந்தத் திடுக்கிடலைப் பார்த்தால்தான் அவருக்கு உண்ட சோறு செரிக்கும்.

எனக்கு எட்டு வயதான கோடையில், தேர் முடிந்ததிலிருந்து பத்து நாளாகக் காற்று நிற்கவேயில்லை. இரண்டு மணிக்கும் நிற்கவில்லை, மூன்றுக்கும் இல்லை. வெயில் தெருவை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே காற்று ஒரே சீராக, ஒரே அளவாக வந்து எங்கள் தலைமயிரைக் கோதியது. பெரியப்பா பேனாவை வைத்துவிட்டார்.

"ஏன் ஓய், இவன் தூங்கறதில்லையே?"

மூலையில் வழக்குக் கட்டுகளுக்கு மேல் தலைசாய்த்திருந்த குமாஸ்தா வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "நானும் கவனிச்சிண்டுதான் வரேன் சுவாமி. இது அவன் கையே இல்லை. ஆள் மாறாட்டம். வேற எவனையோ உட்கார்த்தி வெச்சுட்டு அவன் எங்கயோ சுத்தறான்."

"நீர் போய்ப் பாத்துட்டு வாருமே."

"எனக்கு முழங்கால்..."

பெரியப்பாவும் போக முடியாது. அந்தச் சந்தில் கால் வைத்தால் திரும்ப வந்து குளிக்க வேண்டும். குழந்தைகளுக்கு மட்டும்தான் தீட்டு ஒட்டாது. ஆகவே சந்தேகத்தின் கண்ணாக நான் அனுப்பப்பட்டேன்.

சந்தில் ஒரு பெண்பிள்ளை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு காலைச் சுவரில் உதைத்து, இரண்டு உள்ளங்கையிலும் கந்தல் சுற்றி, உடம்பையே பின்னால் எறிந்து எறிந்து இழுத்தாள். பக்கத்தில் சாக்கின் மேல் மாணிக்கம் கிடந்தான். வலது கை அவனுடையதே அல்லாதது போல் ஒருபுறம் கிடந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

"பாப்பா, ஐயாகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். கை நிற்கவில்லை. "எங்க வீட்டுக்காரருக்குக் கை விழுந்துடுச்சு. வைத்தியர் எண்ணெய் குடுத்திருக்காரு, வந்துடும். அதுவரைக்கும் நான் இழுக்கறேன். வீட்டுல யாருகிட்ட விட்டுட்டு வர்றது, அதான் விடியமுன்ன தோள்ல சாச்சுக் கூட்டியாந்துடறேன். இந்த வேலை போச்சுன்னா எங்களுக்கு வேற இல்லைங்க."

"நீங்க ஏன் நிறுத்தவே மாட்டேங்கறேள்? பெரியப்பாவுக்கு அதான் சந்தேகம்."

"நிறுத்தறதா?"

"மாணிக்கம் ரெண்டு மணிக்குத் தூங்கிடுவானே. தினமும்."

அவள் இழுத்தபடியே தலையை மட்டும் மாணிக்கத்தின் பக்கம் திருப்பினாள். "ஆறு வருசமா எங்கிட்ட என்ன சொன்னீங்க? ஒரு நொடி கை ஓயாது, ஐயா அப்படிப்பட்டவருன்னீங்களே! சாயங்காலம் சாயங்காலம் தோளைப் பிடிச்சுவிடச் சொன்னீங்களே!"

மாணிக்கம் கண்களை இறுக மூடிக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. காற்று மட்டும் பிசகவில்லை.

அறையில் விசாரணை ஆரம்பமாயிற்று.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும்," என்றார் பெரியப்பா. "மாணிக்கம் அங்கே இருக்கானா?"

"இருக்கான்."

"என்ன பண்றான்?"

"படுத்திண்டிருக்கான்."

"கண்ணு?"

"மூடியிருக்கு."

பெரியப்பா தொடையில் தட்டினார். "பாத்தீரா ஓய்! கயித்தைக் கால்ல கட்டிண்டு தூங்கிண்டே இழுக்கறான் படவா!" அவர் முகத்தில் உலகம் பழையபடி தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. யார் இழுக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் சொல்லவுமில்லை.

மறுநாள் இரண்டு மணிக்குக் காற்று நின்றது. பெரியப்பா கத்தினார். கயிறு திடுக்கிட்டது. ஒரு பெரிய மனுஷி யோசனை சொல்லிக் குடும்பத்தைக் காப்பாற்றியது போல் நான் உள்ளுக்குள் கர்வப்பட்டுத் திரிந்தேன்.

ஆனால் நாளாக நாளாக அந்த நிறுத்தம் நீண்டது. இரண்டு மணிக்கு நின்றது பதினொன்றுக்கும் நிற்க ஆரம்பித்தது, பிறகு நினைத்தபோதெல்லாம். நல்ல கெட்டிக்காரி, தூங்குகிறவன் போலவே நடிக்கிறாள் என்று நான் மெச்சினேன். குமாஸ்தா ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விட்டார். ஒரு நாள் கட்டுகளை அடுக்கிக்கொண்டே, யாரையோ பற்றிச் சொல்வது போல, "என் மச்சினன் சும்மாதான் இருக்கான் சுவாமி. தூக்கம்னா என்னன்னே தெரியாது," என்றார்.

கோர்ட்டு திறக்க ஒரு வாரம் இருக்கையில், காலை வேளையில், குமாஸ்தாவே எழுந்து போய்ச் சுவர்த் துளையில் வாயை வைத்தார். முழங்கால் அன்று வலிக்கவில்லை போலும்.

"மாணிக்கம்! நாளைலேருந்து நீ வர வேண்டாம். ஐயா உத்தரவு. தூங்கினது போதும்."

கயிறு ஒரு கணம் நின்றது. பிறகு புறப்பட்டது. அப்படி ஒரு காற்றை அந்த வீடு கண்டதில்லை. மேலே வைத்த கல்லை மீறிக் காகிதங்கள் பறந்தன, மரச்சட்டம் உத்தரத்தில் முனகியது, துணி படார் படாரென்று அடித்துக்கொண்டது. பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, மூன்று, எதற்கும் ஓயவில்லை.

"பாரும் ஓய்," என்றார் பெரியப்பா, பறக்கும் காகிதத்தை அமுக்கிக்கொண்டு. "வேலை போறதுன்ன உடனே எப்படி இழுக்கறான் பாரும்! இவனால முடியாம இல்லை. மனசுதான் இல்லை."

நான் பங்காவுக்கு நேர் கீழே தரையில் மல்லாந்து படுத்திருந்தேன். அவ்வளவு காற்றும் என் முகத்தில் விழுந்தது. மாணிக்கத்துக்குக் கை வந்துவிட்டது, இந்தக் காற்றுக்குப் பெரியப்பா அவனை அனுப்ப மாட்டார், இனிமேல் அவனே இழுப்பான் என்று நினைத்து, குளிர்ச்சியாகக் கண்ணை மூடிக்கொண்டேன்.