கீரைத் தோட்டத்துக்கு ஒரு மோட்டார்

கடன் வாங்குகிறவரைவிடக் கடன் கொடுக்க அலைகிறவருக்குத்தான் செருப்பு சீக்கிரம் தேயும். ஒரு வங்கிக்காக, கையில் டேப்லெட்டோடு திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் விவசாயக் கடன் மனுக்களைப் பதிகிறேன். எண்ணூரில் விவசாயமா என்று கேட்காதீர்கள். உங்கள் சாம்பாரில் மிதக்கிற முளைக்கீரை அங்கிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஓடிபிக்காக மொபைலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றவர்களுக்கு என் பாடு புரியும்.

தொழில் என்ன?

காட்டுப்பள்ளி போகிற வழியில் தேவகி அக்கா அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறார். கிணற்றிலிருந்து இரண்டு கையிலும் குடம் தூக்கித்தான் பாய்ச்சல். கோடையில் பாதிப் பாத்தி வாடிவிடும். ஒரு மோட்டாருக்குக் கடன் வேண்டும் என்றார்.

ஆதார் எண்ணைத் தட்டினேன். பழைய வங்கிக் கணக்கிலிருந்து ஆப் தானாகவே ‘இல்லத்தரசி’ என்று நிரப்பிக்கொண்டது. இல்லத்தரசிக்கு விவசாயக் கடன் கிடையாதாம். படித்துக் காட்டினேன். இடுப்பிலிருந்த கீரைக்கட்டை இறக்கி வைத்துவிட்டு அக்கா கேட்டார்:

“வெடிகாலைல இங்க வந்தா இருட்டனப்புறம்தான் போறேன். நான் வூட்ல எப்ப மேடம் கீறேன், அரசியா ஆவறதுக்கு?”

பத்து விரல்

தொழிலை மாற்ற அவருடைய கைரேகை வேண்டும். கட்டைவிரலை வைத்தார்; மிஷின் ஏற்கவில்லை. கழுவித் துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தோம். ஒன்பது விரலும் போய், கடைசியில் இடது சுண்டுவிரலுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. இருவரும் கைதட்டிவிட்டோம். அக்கா மற்ற விரல்களைத் திருப்பிப் பார்த்தார்.

“வேல செஞ்ச வெரல எல்லாம் வாணாம்னுது. சும்மா கெடந்தத மட்டும் புட்ச்சிகிச்சு.”

கடலில் கீரை

அடுத்து, நிலத்தின் இருப்பிடம். தோட்டத்து நடுவில் நின்று படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் மேனேஜர் போன் செய்தார். வரைபடத்தில் நான் நின்ற இடம் துறைமுகம் தாண்டி, கடலுக்குள் காட்டியதாம். மனு நிராகரிப்பு.

திரும்பப் போய் அக்காவிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் பாத்தியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கடலுக்குள்ள கீர வெளஞ்சா தண்ணிக்கி இன்னா பஞ்சம்? அப்பறம் மோட்டாரு எதுக்குன்னு ஒங்க மேனேஜர கேளு.”

அண்ணாச்சியின் கண்ணாடி

இரண்டாவது படம் நிலத்திலேயே விழுந்தது. மிச்சம் குத்தகைக் கடிதம். நிலத்துக்காரர் கல்மண்டபம் பகுதியில் இரும்புக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக்காரர். நான் இரண்டு முறை போனேன். டீ வாங்கிக் கொடுத்தார்; கையெழுத்து மட்டும் போடவில்லை. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் இல்லாமல் மனு நகராது. கோடை தொடங்கிவிட்டது.

மூன்றாம் முறை அக்காவே கூட வந்தார். கெஞ்சவில்லை. “அண்ணாச்சி, ஏழு வருசமா ஒங்க நெலத்துல கீறேன். புடுங்கிக்கணும்னா எப்பவோ புடுங்கியிருக்க மாட்டனா? நான் கேக்கறது நெலம் இல்ல, தண்ணி” என்றார்.

அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்தார்.

“இருங்க, கண்ணாடிய எடுத்துட்டு வாரேன். எங்கன கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க.”

முதல் நாள்

பத்தாம் நாள் கடன் வந்தது. மோட்டார் மாட்டிய அன்று அக்கா என்னையும் கூப்பிட்டிருந்தார். பொத்தானை அழுத்தியதும் குழாய் இருமியது, செருமியது, பிறகு கொட்டியது. தண்ணீர் பாத்தி பாத்தியாக ஓடுவதைப் பார்த்தபடி அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்திருந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

“இன்னா பண்றதுன்னே தெரில மேடம். தண்ணி தானா போய்கினு கீது, கையி ரெண்டும் சும்மா கீது.”

ஆப் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் தேவகி அக்காவிடம் பளிச்சென்று பதில் இருக்கிறது. அது கேட்கிற கேள்விகளுக்குத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து முழிக்கிறோம்.