என் பேத்திக்குத் தைராய்டு இல்லை

முதல் அறிகுறி, அவள் என்னோடு சண்டை போடுவதை நிறுத்தியது.

அதுவரை இனியா நான் சொன்ன எதையும் சும்மா விட்டதில்லை. செத்துப்போனவர்களுக்கு எதற்கு இலை போட்டுப் படைக்கிறீர்கள், சாப்பிட்டு முடித்ததும் ஆண்கள் மட்டும் ஏன் எழுந்து போய்விடுகிறீர்கள் என்று அமெரிக்காவில் மகளின் பிளானோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்னை மடக்குவாள். நான் தமிழில் கத்துவேன். அவள் ஆங்கிலத்தில் கத்துவாள். ஈரோட்டில் கல்லூரி மாணவர்களுக்கு முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். அவளளவுக்கு யாரும் என்னைத் திணறடித்ததில்லை. பதினைந்து வயதில், ஒரு கோடை விடுமுறைக்குப் பிறகு, அந்தச் சத்தம் அடங்கியது. எதைச் சொன்னாலும் “ஓகே அப்புச்சி” என்றாள்.

நான் சந்தோஷப்பட்டேன். பெண்ணுக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று அவள் அம்மாவிடம், என் மகள் சுமதியிடம், சொன்னேன். கோயிலில் பார்த்த பெண்களும் அதையே சொன்னார்கள். “எவ்ளோ அடக்கமா ஆயிட்டா! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே” என்றார் ஒருவர். குழந்தை உள்ளுக்குள் அணைந்துகொண்டிருந்தது. நாங்கள் அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்துப் பாராட்டினோம்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று நல்ல பிள்ளையாகிவிட்டால், தயவுசெய்து உடனே சந்தோஷப்படாதீர்கள்.

பிறகுதான் மற்றவை தெரிந்தன. வயலினைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. தலைக்குக் குளிக்கவில்லை. பள்ளியிலிருந்து வந்ததும் படுத்தாள். பள்ளிக்குப் போகவே முடியவில்லை என்று சில நாட்கள் எழாமலே கிடந்தாள். நாங்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை போனைக் குற்றம் சொன்னார். சுமதி வைட்டமின் டி குறைவு என்றாள். நான், அழுத்தம் யாருக்குத்தான் இல்லை, இந்த வயதில் கொஞ்சம் அழுத்தம் இருந்தால்தான் மேலே வர முடியும் என்றேன். நம்மவர்கள் எல்லாவற்றையும் மன அழுத்தம் என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். தேர்வுக்கு முந்தைய பதற்றம் வேறு, மனச்சோர்வு என்ற நோய் வேறு. எனக்கு அன்று இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

குழந்தை மருத்துவர் சுமதியைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இனியாவிடம் தனியாகப் பேசினார். திரும்ப உள்ளே அழைத்தபோது இனியாவின் கண்கள் சிவந்திருந்தன. அவருடைய கணிப்பு, மேஜர் டிப்ரஷன் (வாரக்கணக்கில் நீடித்து, தூக்கம், பசி, நினைவு, விருப்பம் எல்லாவற்றையும் முடக்கும் கடும் மனச்சோர்வு). உயிரோடு இருக்க வேண்டுமா என்ற எண்ணம் அவளுக்குப் பலமுறை வந்திருக்கிறது. அதை அவளிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் அந்த மருத்துவர். அதனால் அவரிடம் சொன்னாள். நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டியதில்லை என்றும், கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்றும் அவர் சுமதியிடம் சொல்லி அனுப்பினார்.

உடம்பில் வேறு கோளாறு இல்லை என்று உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். தைராய்டும் அதில் இருந்தது. முடிவு வந்தது, எல்லாம் சரியாக இருந்தது.

நான் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

ஈரோட்டிலிருந்து என் தங்கை சரோஜா போன் செய்து, பிள்ளை ஏன் வீடியோவில் முகம் காட்டவே மாட்டேன் என்கிறாள் என்று கேட்டபோது, தைராய்டு என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் அல்ல. ஆனால் சொன்னதும் உடம்பே லேசானது. தைராய்டு கௌரவமான வியாதி. எல்லா வீட்டிலும் ஒருவருக்கு இருக்கிறது. யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. உறவினர் வாட்ஸாப் குழுவில் பத்தியமும் மூச்சுப்பயிற்சியும் வந்து குவிந்தன. நான் சொன்ன பொய் சுமதிக்குத் தெரிந்தது. என்னோடு சண்டை போட அவளுக்கு அப்போது தெம்பில்லை.

அவள் வேறு சண்டையில் இருந்தாள். பதின்வயதினரைப் பார்க்கும் சிகிச்சையாளர்கள் எல்லோரிடமும் காத்திருப்போர் வரிசை. சிலர் எங்கள் இன்சூரன்ஸை ஏற்பதில்லை. சிலர் போனையே எடுப்பதில்லை. சுமதி மதிய உணவு நேரத்தில் அலுவலகத்தின் பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக அழைத்தாள். ஒருவர் மறுத்தால், யாரிடம் இடம் இருக்கும் என்று சொல்லுங்கள் என்று கேட்காமல் வைக்க மாட்டாள். இதில் அவமானமே பார்க்காதீர்கள். வரிசையில் நிற்கும் காலத்தில் குழந்தை மருத்துவரே சிகிச்சையைத் தொடங்கலாம், பள்ளியின் ஆலோசகர் வாராவாரம் பார்க்கலாம், ஆபத்து என்று தோன்றினால் நெருக்கடி உதவி எண்ணை அழைக்கலாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போகலாம். இவை எல்லாம் இருப்பதே எங்களுக்குக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்தது.

வீட்டில் உள்ள மாத்திரைகள் எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொன்னார் மருத்துவர். பெரும்பாலானவை என்னுடையவை. ரத்தக்கொதிப்பு மாத்திரைக்காகக் காலையில் மகளிடம் கை நீட்டி நிற்க வேண்டியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. இந்த வீட்டில் நான் என்ன திருடனா என்று கேட்டேன்.

“அப்பா, உங்களுக்காகப் பூட்டலீங்க” என்றாள் சுமதி. மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினாள்.

இந்தக் காலத்தில்தான் தங்கராஜ் என்னிடம் கேட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், மகன் வீட்டில் இருப்பவர். எங்கள் குடியிருப்பின் குளத்தைச் சுற்றிக் காலையில் நடக்கும் தமிழ்க் கிழவர்களில் அவரும் ஒருவர். எப்போதும் கூட்டத்தோடு சிரித்துப் பேசிக்கொண்டு வருபவர், அன்று என்னைத் தனியாக நிறுத்தினார்.

“சார், உங்க பேத்தி ஸ்கூலுக்குச் சரியாப் போவலியாமே? எங்க பேரனும் ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கான். பேச்சே இல்ல. நீங்க யார்ட்டயாவது காட்டுனியளா?”

அவர் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஒரு மருத்துவரின் பெயர் சொன்னால் போதும்.

“அது தைராய்டுங்க” என்றேன்.

“அப்படியா” என்றார். “அப்ப சரி. நம்ம கதை வேற.” அதோடு பேச்சை மாற்றிவிட்டார். பிறகு அவர் நடக்க வருவது குறைந்து, நின்றே போனது.

இனியாவுக்கு ஒருவழியாகச் சிகிச்சையாளர் கிடைத்தார். சி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை (தன்னைப் பற்றி மனம் சொல்லும் கெட்ட முடிவுகளை நிறுத்திவைத்து, அவை உண்மைதானா என்று சோதிக்கப் பழக்குவது) தொடங்கியது. சில வாரங்கள் கழித்து மனநல மருத்துவர் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மாத்திரையும் சேர்த்தார் (மூளையில் செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் கூடுதல் நேரம் தங்க உதவும் மருந்து). பலன் தெரியப் பல வாரம் ஆகும், தொடக்கத்தில் பிள்ளையை நெருக்கமாகக் கவனிக்க வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது என்று எச்சரித்தார். பழக்கமாகிவிடும் என்று நான் எதிர்த்தேன். இந்த மருந்து போதைப் பழக்கம் ஆவதில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். எனக்குப் புரியாத விஷயத்தில் நான் உரக்கப் பேசிய கடைசித் தடவை அது என்று நம்புகிறேன்.

அவள் திரும்பி வந்தது நேர்கோட்டில் அல்ல. ஒரு வாரம் தலைக்குக் குளித்து, தோசை கேட்டுச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் மறுபடி படுக்கை. அப்படி ஒரு நல்ல நாளில் சரோஜா வீடியோவில் வந்தாள். நான் தடுப்பதற்குள் இனியாவைப் பார்த்துவிட்டு, “சாமி, தைராய்டு எப்படியிருக்குது? மாத்திரையை வெறும் வயித்துல போடுறயா?” என்றாள்.

இனியாவுக்குத் தமிழ் சரளமாகப் பேச வராதே தவிர, ஒரு சொல் விடாமல் புரியும். “யெஸ் பாட்டி” என்றாள். போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினாள். வழக்கமாக ஆங்கிலத்திலேயே பேசுபவள், அன்று எனக்காகத் தமிழைத் தேடித் தேடிப் பேசினாள்.

“ஏன் அப்புச்சி? என் ரியல் டிசீஸ் உங்களுக்குப் பிடிக்கலையா?”

நான் போனின் திரையைத் துண்டால் துடைக்கத் தொடங்கினேன்.

“நான் அதை ஃபைட் பண்றேன். டெய்லி. நீங்க அது இல்லவே இல்லைன்னு சொல்றீங்க. அப்போ நான் யார்கூட ஃபைட் பண்றேன்?”

எழுபத்தாறு வயதில் ஒருவன் வெட்கப்படக் கற்றுக்கொள்வது சிரமம். அதுவரை நோயை நினைத்து வெட்கப்பட்டேன். அன்றுதான் என்னை நினைத்து வெட்கப்பட்டேன்.

சில வாரங்களில் தங்கராஜின் பேரனை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள் என்று கேள்விப்பட்டேன். பையன் பிழைத்துக்கொண்டான், ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்றார்கள். அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்றும் சொன்னார்கள். சொன்னவர் நம்பினார். நான் நம்பவில்லை. ஒரு பொய்யனுக்கு இன்னொரு பொய் சுலபமாகத் தெரிகிறது.

உடனே அவர் வீட்டுக்குப் போகத் துடித்தேன். ஆனால் போய் எதைச் சொல்வது? சொல்ல வேண்டியது இனியாவுடைய விஷயம். அவளைக் கேட்காமல் பொய் சொன்னது போல, கேட்காமல் உண்மையையும் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குளக்கரையில் தங்கராஜ் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை.

அந்தப் பையனை அவளுக்குத் தெரியும், ஒரே பள்ளி. “போங்க அப்புச்சி. என் பேர் சொல்லுங்க” என்றாள். “தைராய்டுன்னு மட்டும் சொல்லாதீங்க.”

தங்கராஜ் கதவைத் திறந்து, நான் கேட்கும் முன்பே, “அப்பெண்டிக்ஸ் சார். இப்பத் தேவலை” என்றார். அவர் மருமகள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“என் பேத்திக்குத் தைராய்டு இல்லைங்க” என்றேன். “மனச்சோர்வு. சாகணும்ங்கற எண்ணம் வர்ற அளவுக்கு இருந்துச்சு. வைத்தியம் பாக்குறோம். உங்ககிட்டச் சொல்லச் சொன்னது அவதான்.”

தங்கராஜ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல் உயரவே இல்லை.

“அன்னைக்கு வீட்டுக்கு வந்து மருமவகிட்டச் சொன்னேன் சார். வாத்தியார் வீட்லயும் இதுதானோன்னு நெனச்சேன், இல்லையாம், அது தைராய்டாம். அப்ப நம்ம வீட்ல மட்டுந்தான் இப்படின்னேன். பையன் மாடிப்படில நின்னு கேட்டுட்டு இருந்தான்.”

அந்த நோயை நான் அந்தப் பையனுக்குக் கொடுக்கவில்லை. நோய் அப்படி வருவதில்லை என்று இன்று அறிவேன். ஆனால் தனக்கு மட்டும்தான் இப்படி என்ற நினைப்பை அவன் தலையில் ஏற்றியதில் எனக்குப் பங்குண்டு. அதை யாரும் மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மருமகள் சமையலறை வாசலிலிருந்து முன்னால் வந்தார். “அங்கிள், டிஸ்சார்ஜ் ஆனதும் யார்கிட்டப் போறதுன்னே தெரியல. உங்க டாக்டர் நம்பர் இருக்கா?” நான் சுமதிக்கு போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். இரண்டு தாய்மாரும் வெகுநேரம் பேசினார்கள். நான் தங்கராஜுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பையன் இப்போது சிகிச்சையில் இருக்கிறான்.

உறவினர் குழுவில் நானே எழுதினேன். பத்தியக் குறிப்புகள் சட்டென்று நின்றன. சரோஜா மட்டும் போன் செய்தாள். “அண்ணா, இதையெல்லாம் வெளிய சொல்லுவாங்களா? நாளைக்கு யாராவது பொண்ணு கேட்டு வர வேண்டாமா?”

“வந்தா, அவ உசுரோட இருக்கோணும்ல சரோஜா” என்றேன்.

இந்தக் கட்டுரையில் பேத்தியின் பெயரை மாற்றட்டுமா என்று அவளிடம் கேட்டேன். மாற்றினால் மறுபடி தைராய்டு ஆகிவிடும் என்றாள். ஆகவே மாற்றவில்லை. இதைப் படித்துவிட்டு அவளைப் பற்றிக் குசுகுசுப்பவர்கள் என்னிடமே வந்து பேசலாம். காது கொஞ்சம் மந்தம், உரக்கப் பேச வேண்டும்.

அவளுக்குக் குணமாகிவிட்டதா என்று கேட்கிறார்கள். நல்ல நாட்கள் கூடியிருக்கின்றன. அவ்வளவுதான் சொல்ல முடியும். வாழ்நாள் முழுவதும் நான் ஆண்டுத் தேர்வு, பணி ஓய்வு, விசா முடியும் நாள் என்று முடிவுத் தேதி உள்ள காலத்தில் வாழ்ந்தவன். இந்தக் காலத்துக்கு அப்படித் தேதி இல்லை. என் உடம்பும் அதற்குப் பழகிவிட்டது. முதல் மாதங்களில் சிகிச்சையாளரின் வரவேற்பறைக்கே நான் வர மாட்டேன். தமிழ் முகம் எதுவும் பார்த்துவிடக் கூடாதென்று காரிலேயே குனிந்து உட்கார்ந்திருப்பேன், இடுப்பு பிடித்துக்கொள்ளும். இப்போது கதவைப் பார்த்த நாற்காலியில் நிமிர்ந்து உட்காருகிறேன்.

போன வாரம் இனியா உள்ளே இருந்தபோது, ஒரு பெண் தன் மகளோடு வந்தார். நம்மூர் முகம். என்னைக் கண்டதும் மகளின் தோளைப் பிடித்துத் திருப்பி, கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தார். அந்த அடியை நான் நன்றாக அறிவேன்.

பக்கத்து நாற்காலியில் இருந்த என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சற்று நின்றுவிட்டு, அவர் வந்து உட்கார்ந்தார். மகள் தலை நிமிரவில்லை.

தரையைப் பார்த்தபடியே அந்தத் தாய் கேட்டார். “எவ்ளோ நாளாகும்ங்க, சரியாக?”

“தெரியாதுங்க” என்றேன். “நாங்க வந்துட்டுத்தான் இருக்கோம்.”