கேன்டீனுக்குப் போன தக்காளி

நடந்தது, வரிசையாக:

1. ஓசூர்ப் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலையின் சமூகப் பொறுப்புப் பிரிவு அதிகாரி, நான் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்துக்கு மாரண்டஹள்ளி வரை வந்து, தையல் மிஷின்கள் தருவதாகச் சொன்னார்.
2. வேண்டாம் என்றேன்.
3. பதிலுக்கு, தொழிற்சாலை கேன்டீனுக்கு எங்கள் பெண்கள் குழு விளைவிக்கும் தக்காளியை வாங்கச் சொன்னேன்.
4. முதல் நாள் அனுப்பிய தக்காளி அப்படியே திரும்பி வந்தது.

வேண்டாம் என்று சொன்னதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. அவருக்கு முன்னால் இருந்த அதிகாரிகளும் நல்லவர்கள்தான். ஒவ்வொருவரும் ஒரு புதுத் திட்டத்தோடு வந்தார்கள். அவர்கள் மாற்றலானதும் திட்டமும் கூடவே போய்விட்டது. நான் படித்தது இயந்திரப் பொறியியல். ஒற்றை போல்ட்டில் தொங்குகிற எதையும் நம்பமாட்டேன். தினமும் அடுப்பெரிகிற ஒரு சமையலறையோடு எங்களை இணைத்துவிட்டால், யார் மாறினாலும் உறவு நிற்கும் என்று கணக்குப் போட்டேன்.

"மேடம், கேன்டீன் என் டிபார்ட்மென்ட் இல்லையே" என்றார் அதிகாரி.

"அறிமுகம் மட்டும் பண்ணி வைங்க சார். மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

பண்ணி வைத்தார். அதை நம்பி எங்கள் குழுத்தலைவி அக்கா வீடு வீடாகப் போய்ப் பேசினார். அதுவரை ஆளுக்கொரு கூடையாக மண்டிக்குக் கொண்டுபோய்ப் போட்டவர்கள், முதல்முறையாக ஒன்றாகச் சேர்த்து அனுப்பினார்கள். அதுதான் திரும்பி வந்து நின்றது.

அக்கா ஒரு பழத்தை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். "சம்பந்தி வூட்டுக்கு அனுப்பற மாதிரி பொறுக்கிப் பொறுக்கிப் போட்டோம். இதுல என்ன சொத்தையக் கண்டாரு அந்த கேன்டீன்கார மனுசன்? பாப்பா, இது சரிப்படலைன்னா நாளைக்கே அவங்கவங்க மண்டிக்குப் போயிருவாங்க. அப்பறம் குழு எங்க இருக்கும்?"

கேன்டீன் மாஸ்டருக்கு போன் செய்து, என்ன குறை என்று கேட்டேன். "கல்லு மாதிரி இருக்குதுங்க. அத வெச்சு நான் பந்தா வெளையாடறது?" என்றார். போனில் இது தீராது என்று தெரிந்தது. தோட்டத்துக்கு வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, அதிகாரியின் காரிலேயே வந்து இறங்கினார்.

பெண்கள் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளை அவர் பார்க்கவே இல்லை. வரப்போரம் நன்றாகப் பழுத்துச் சிவந்து கிடந்த குவியலிடம் போனார்.

"இது யாருக்குங்க?"

"மாட்டுக்கு" என்றார் அக்கா.

"இதத்தான் எனக்கு அனுப்போணும்."

"மாட்டுக்குப் போடறத மனுசனுக்கு அனுப்புனா ஊரு சிரிக்காதா?"

"ஊரு சிரிக்கட்டும் ஆயா, ரசம் நல்லாருக்கும்."

"ஆயாவா? உனக்கும் எனக்கும் ஒரு வயசு வித்தியாசம் இருக்குமா?"

எல்லோரும் சிரித்ததில் விஷயம் வெளியே வந்தது. இங்கே நல்ல தக்காளி என்றால் பெங்களூரு லாரியில் குலுங்கியும் நசுங்காத செங்காய், பாதி பழுத்தது. மண்டி கேட்பதும் அதைத்தான். மாஸ்டருக்கோ, வந்த அன்றே கரைகிற முழுப்பழம் வேண்டும். எங்களுக்குத் தையல் மிஷின் வேண்டுமா என்று யாரும் கேட்காதது போலவே, அவர் என்ன சமைக்கிறார் என்று நாங்களும் கேட்டிருக்கவில்லை.

விலையை அக்காவே பேசினார். "மாட்டு வெல போட்டா ஆகாது. பழமாப் பாத்துப் பறிக்க எங்களுக்கு வேல ஜாஸ்தி." மாஸ்டர் ஒத்துக்கொண்டார். பழம் நசுங்காமல் போக, ஆழமில்லாத பெட்டிகளை நான் தேர்ந்தெடுத்தேன். அதிகாரி செல்போனை எடுத்து, படம் பிடிக்கலாமா என்று கேட்டார். பிடிக்கச் சொன்னேன். ஆனால் ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் வேண்டாம், என் கையெழுத்தும் வேண்டாம். குழுவும் கேன்டீனும் போடட்டும் என்றேன். அவருக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு, "அதுவும் சரிதான்" என்றார்.

இப்போதைய நிலை இது. அந்த அதிகாரி மாற்றலாகிவிட்டார். புதியவர் இன்னும் இங்கே வரவில்லை. மழையில் பழம் குறைந்தபோது மாஸ்டர் அக்காவிடம் சத்தம் போட்டார், அக்காவும் திருப்பிப் போட்டார், வாங்குவது நிற்கவில்லை. செங்காய் மண்டிக்குப் போகிறது, அதையும் குழுவாகத்தான் அனுப்புகிறார்கள். கேன்டீனுக்குக் கத்தரிக்காயும் அனுப்புவது பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.