சூரியன் மறைந்த பிறகு எழுதியவள்

இதை வெளியே சொன்னால் எனக்குத்தான் கெட்ட பெயர். பொய் சொல்கிறவள் தன்னையே இவ்வளவு மட்டமாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் பெயர் பெர்லா. காஸாபிளாங்காவில் ஒரு யூத உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினெட்டு வருட சர்வீஸ். இறுதி வகுப்புக்குக் கணக்கு எடுத்த மேடம் ஒஹானா திடீரென்று வேலையை விட்டுப் போனபோது, அந்த வகுப்பு எனக்குத்தான் என்று புதுச் செருப்புகூட வாங்கிவிட்டேன். கிடைத்தது எஸ்ட்ரேயாவுக்கு. தெத்துவான் என்ற ஊரிலிருந்து அவள் வந்து ஒரே வருடம்தான் ஆகியிருந்தது.

வயிறு எரிந்தது. மூன்று வருடம் அணையாமல் எரிந்தது. அவள் வகுப்பில் எல்லோரும் பாஸ். மணி அடித்தாலும் பிள்ளைகள் அவளைச் சுற்றியே நிற்பார்கள். என் வகுப்பிலோ மணி அடிக்கும் முன்பே பையை மூடிவிடுவார்கள். ஸ்டாஃப் ரூமில் புதினா டீயை முதலில் அவளுக்குத்தான் ஊற்றுவார்கள். அவளுடைய பச்சைக் கோட்டைத் தூரத்தில் பார்த்தாலே எனக்குத் தலைவலி வந்துவிடும்.

ஒரு நாள் வாட்ச்மேன் லஹ்சன் கேட்டார். ‘லாலா’ என்பது எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல்.

“ஏன் லாலா பெர்லா, எஸ்ட்ரேயா மேடத்துக்கு வீடு வாசல் கிடையாதா?”

“ஏன்?”

“வெள்ளிக்கிழமை இருட்டின பிறகும் அவங்க பன்னெண்டாம் ரூம்ல சாக்பீஸ் சத்தம் கேக்குது.”

“போய்ப் பாத்தீங்களா?”

“எனக்கெதுக்கு லாலா அந்த வம்பு?”

அந்த வம்பு எனக்கு இனித்தது. வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் எங்களுக்கு சப்பாத், ஓய்வு நாள். எழுதக்கூடாது, விளக்கைப் போடக்கூடாது. ஒரு யூத டீச்சர், அதுவும் பள்ளிக்குள்ளேயே, ஓய்வு நாளில் எழுதினாள் என்றால் வேலை போய்விடும். அப்புறம் இறுதி வகுப்பு யாருக்கு?

1988 டிசம்பர் 16. வெள்ளிக்கிழமை. மத்தியானமே பள்ளி விட்டாயிற்று. மாலை 4:50-க்கு, லஹ்சன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, பக்கவாட்டுக் கேட் வழியாக உள்ளே நுழைந்தேன். காலையிலிருந்து விடாத மழை. மாடி வராந்தாவில், பன்னிரண்டாம் அறைக்கு எதிரே இருந்த தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

5:06. வீட்டில் நான் சப்பாத் மெழுகுவர்த்தி ஏற்றியிருக்க வேண்டிய நேரம். ஏற்றவில்லை. அடுத்தவள் தப்பைப் பிடிக்க வந்த இடத்தில் என் கடமை நின்றுபோனது. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

5:26. சூரியன் மறைந்தது.

டக்... டக்... சர்ர்ர்...

சாக்பீஸ் சத்தம்.

படிக்கட்டு எனக்கு முன்னால்தான் இருந்தது. யாரும் ஏறி வரவில்லை. அப்படியானால் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாளா? ஆனால் இத்தனை நேரம் உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம்கூட இல்லையே.

5:41. நன்றாக இருட்டிவிட்டது. அறையில் விளக்கு இல்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை. இருட்டில் எப்படி எழுதுகிறாள்?

கதவின் கண்ணாடியில் முகத்தை வைத்தேன். தெருவிளக்கின் வெளிச்சம் கொஞ்சம் உள்ளே விழுந்தது.

பச்சைக் கோட்டு. கொண்டை. முதுகு மட்டும்.

மாட்டினாளா!

எழுதிக்கொண்டே வலது பக்கம் நகர்ந்தாள். கால் நகரவில்லை... அவள் மட்டும் நகர்ந்தாள்.

கரும்பலகை முடிந்தது.

கை நிற்கவில்லை. சுவரில் எழுதியது...

சுவரும் முடிந்தது. மூலை வந்தது. அடுத்த சுவர்...

அந்தச் சுவரில்தான் கதவு இருந்தது.

டக்... டக்... சர்ர்ர்...

சத்தம் என் கன்னத்துக்குப் பக்கத்தில்... கதவின் மறுபக்கத்தில்...

ஓடினேன்.

திங்கட்கிழமை காலை 7:30-க்கு முதல் ஆளாகப் போய் அந்த அறையைப் பார்த்தேன். பலகை சுத்தம். சுவர் சுத்தம். நான் பார்த்தது மனுஷியில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. செத்தவர்களுக்குத்தான் எந்தக் கட்டளையும் கிடையாது. ஓய்வு நாளும் கிடையாது.

தெரிந்தே புகார் எழுதினேன். பயத்தைவிட என் பொறாமை பெரியதாக இருந்தது.

முதல்வர் தொலெதானோ எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க மேடம்?”

“வீட்லதான் ஸார். தனியா” என்றாள் எஸ்ட்ரேயா.

அவள் வீட்டில் இருந்ததற்குச் சாட்சி இல்லை. விஷயம் வெளியே போகாமல் இருக்க, அவளையே ராஜினாமா எழுத வைத்தார். கேட் அருகே என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“முகத்தப் பாத்தியா பெர்லா?”

“இல்ல.”

“நானும் பாக்கல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உளறுகிறாள் என்று நினைத்தேன். இறுதி வகுப்பு எனக்குக் கிடைத்தது. ஆறு வருடம் ராணி மாதிரி இருந்தேன்.

போன மாதம் தொலெதானோ ஓய்வு பெற்றார். அவருடைய அலமாரியைக் காலி செய்ய நானும் உதவினேன். அடியில் ஒரு பழுப்பு ஃபைல். மேலே என் புகார். அதற்குக் கீழே எஸ்ட்ரேயா கைப்பட எழுதிய புகார், 1985: ‘வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்த பிறகு மேடம் ஒஹானா பன்னிரண்டாம் அறையில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.’ அதற்குக் கீழே ஒஹானா எழுதியது, 1971: மேடம் ஸர்ஃபாத்தி எழுதிக்கொண்டிருந்தாராம். கடைசியாக ஸர்ஃபாத்தி எழுதியது, 1958: மேடம் தனினோ எழுதிக்கொண்டிருந்தாராம்.

எல்லோரும் இறுதி வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர்கள். புகார் எழுதியவளுக்கே வகுப்பு போயிருக்கிறது.

அந்தக் கடைசித் தாளின் ஓரத்தில் அன்றைய முதல்வர் ஒரு வரி குறித்திருந்தார்: ‘மேடம் தனினோவை அந்த வெள்ளிக்கு முந்தின புதன்கிழமையே அடக்கம் செய்துவிட்டோமே.’

ஃபைலை அப்படியே அடியில் திருப்பி வைத்தேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

இன்று காலை கேட்டில் லஹ்சன் என்னை நிறுத்தினார்.

“லாலா, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்க எப்ப உள்ள வந்தீங்க? நான் பாக்கவே இல்லயே.”

“நான் வரல.”

“ரெய்னா மேடம் உங்கள பன்னெண்டாம் ரூம்ல பாத்தாங்களாமே. உங்க நீலக் கோட்டுதானாம். முகமெல்லாம் வெளுத்து ஓடினாங்க.”

ரெய்னா புதிதாக வந்த கணக்கு டீச்சர். சின்னப் பெண். பிள்ளைகளுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

புது முதல்வர் பத்து மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் நானாகவே போய், ‘இறுதி வகுப்பு வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்துவிடலாம். இதெல்லாம் இத்தோடு நின்றாலும் நிற்கும்.

ஆனால் விட்டுக்கொடுத்தால் அந்த வகுப்பு ரெய்னாவுக்குப் போகும்...

அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. புது சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு பாடம் எடுக்கப் பன்னிரண்டாம் அறைக்குக் கிளம்புகிறேன்.