மாமா வரிசையில் நின்ற நாள்

என் மாமா ஏழுமலையானைப் பற்றிப் பேசும்போது பக்கத்துத் தெருவில் குடியிருப்பவரைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவார். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. திருப்பதியில் டாக்சி ஓட்டினார். நாளைக்கு இரண்டு நடை, கூட்டம் அதிகமென்றால் மூன்று நடை மலைக்குப் போய் வருவார். மேலே வாசலில் நிற்பவர்கள், லட்டு கவுன்ட்டரில் இருப்பவர்கள், செருப்பு வாங்கி வைப்பவர்கள் எல்லோரையும் அவருக்குத் தெரியும். எங்கள் ஊர் நகரியிலிருந்து சொந்தக்காரர்கள் யார் மலைக்குப் போனாலும் முதலில் மாமாவுக்குத்தான் போன் போடுவார்கள். அவர் யாரிடமாவது சொல்லி, ஏதாவது ஒரு கதவு வழியாக அவர்களை உள்ளே அனுப்பிவிடுவார். கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிரிப்பார். தான் போனால் அஞ்சு நிமிஷம்தான் என்பார். உள்ளே போனால் சாமியே தன்னைப் பார்த்துத் தலையாட்டுவார் என்று அவர் சொன்னதை நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒன்பது வயதானபோது அம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு மத்தியானம் தறிக் கூடத்தில் நைனாவுக்குச் சோறு கொடுக்கப் போனவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். புடவையெல்லாம் ரத்தம். நகரியில் முடியாது என்று திருப்பதிக்கு அனுப்பினார்கள். அன்று சாயந்திரம் தம்பி பிறந்தான். அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அம்மா கண் திறக்கவில்லை. என்னை ஆஸ்பத்திரிக்குள் விடவில்லை. மாமா வீட்டில் அத்தையோடு இருந்தேன். தம்பி எவ்வளவு பெரியவன் என்று அத்தையிடம் கேட்டேன். அவள் தன் உள்ளங்கையையும் மணிக்கட்டையும் சேர்த்துக் காட்டினாள்.

நான்காம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். சமையலறைக்குள் போய் அத்தையிடம் ஏதோ சொன்னார். அத்தை அதன்பிறகு வெளியே வரவில்லை. மாமா குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து, கிளம்பு, மலைக்குப் போய் வரலாம் என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் இவர் ஏன் போகாமல் இருந்தார் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாமியிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். தம்பி பெரியவனாக வேண்டும், அம்மா வீட்டுக்கு வர வேண்டும், எனக்குக் கணக்கு வர வேண்டும்.

அன்று மாமா டாக்சியை எடுக்கவில்லை. பஸ்ஸில் போனோம். மேலே போனதும் செருப்பையும் போனையும் கொடுத்துவிட்டு அட்டை வாங்கினார். கொடுப்பதற்கு முன் போனைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அணைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகப் போய் இலவச தரிசன வரிசையின் கடைசியில் நின்றார்.

நான் அவர் வழி தவறிவிட்டதாக நினைத்தேன். அந்த வரிசையில் போனால் ராத்திரி ஆகிவிடும் என்று அவரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அவருக்குத் தெரிந்த வாசற்காரர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். இங்கே ஏன் நிற்கிறாய் என்று தெலுங்கில் சத்தம் போட்டு, எங்கள் இரண்டு பேரையும் கூட வரச் சொன்னார்.

"இல்லண்ணா. இன்னிக்கி லைன்லயே வர்றோம்" என்றார் மாமா.

அந்த ஆள் விடவில்லை. மாமா அவரைத் தள்ளி அழைத்துப்போய் மெல்ல ஏதோ சொன்னார். அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மாமாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நான் அழ ஆரம்பித்தேன். தம்பிக்கு உடம்பு சரியில்லாதபோது சீக்கிரம் போகாமல் எப்போது போவது என்று கேட்டேன். மாமா தோளில் இருந்த துண்டால் என் மூக்கைத் துடைத்துவிட்டார்.

கம்பிவலை போட்ட பெரிய கூடம் ஒன்றில் எங்களை உட்காரவைத்துக் கதவைப் பூட்டினார்கள். பால் வந்தது. பிறகு உப்புமா வந்தது. மாமா தன்னுடையதையும் எனக்கே கொடுத்தார். எங்களுக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. வேர்க்கடலை போடுகிறவர்கள். அந்தப் பெரியம்மா என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடிப் பெட்டி, மூக்கில் குழாய், உள்ளங்கை அளவு, ஒன்றையும் விடவில்லை. அவள் தன் புருஷனிடம் சொன்னாள். அவர் முன்னால் இருந்தவர்களிடம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அந்த மூலையில் உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்கும் என் தம்பியைத் தெரிந்துவிட்டது. தங்கள் வேண்டுதலோடு இதையும் சேர்த்துக்கொள்வதாக ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு ஒரே பெருமை.

"கொயந்த பேர் இன்னாம்மா? பேர் சொல்லாம எப்படி வேண்டிக்கிறது?" என்று கேட்டாள் பெரியம்மா.

இன்னும் பேர் வைக்கவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் எழுந்துபோய் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நின்றிருந்தார். நான் போய் அவர் வேட்டியை இழுத்துக் கேட்டேன்.

"சீனுன்னு சொல்லு கண்ணு" என்றார்.

ஓடிவந்து சொன்னேன். சீனு, சீனு என்று அந்த மூலையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

கதவு திறந்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. பிறகு ஓட்டமும் நடையும் நெரிசலும். கடைசியில் அந்த இருட்டான வாசலுக்குள் தள்ளப்பட்டபோது மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். தூரத்தில் விளக்கு வெளிச்சத்தில் சாமி தெரிந்தார். நான் மூன்று வேண்டுதலையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். மாமாவும் தன் பங்குக்குச் சொல்கிறாரா என்று குனிந்து பார்த்தேன். ஒரு கையால் என் காலைப் பிடித்திருந்தார். இன்னொரு கை நெஞ்சின்மேல் இருந்தது. உதடு அசையவில்லை. ஜரகண்டி ஜரகண்டி என்று யாரோ அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள். நீ யாரைத் தள்ளுகிறாய் தெரியுமா என்று கேட்கக்கூடியவர் அவர். அன்று தள்ளிய பக்கம் நகர்ந்து போனார்.

வெளியே வந்ததும் என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டேன்.

"ஒண்ணும் கேக்கல கண்ணு. வந்துக்கிறேன்னு சொன்னேன். அவ்ளோதான்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு நேரம் நின்று, கிடைத்த ஒரே வாய்ப்பையும் வீணாக்கிவிட்டாரே என்று தோன்றியது. நான் மட்டும் கேட்டிராவிட்டால் எங்கள் குடும்பத்தின் கதி என்ன ஆகியிருக்கும்?

போனை வாங்கி உயிர்ப்பித்து நைனாவைக் கூப்பிட்டார். அம்மா மத்தியானம் கண் திறந்து தண்ணீர் கேட்டிருக்கிறாள். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து, ஆட்கள் கடந்து போகும் வழியில், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் வேண்டிக்கொண்டதுதான் பலித்தது என்று அவரிடம் சொன்னேன். ஆமாம் என்றார்.

தம்பி போய்விட்டான் என்று அன்று வீடு திரும்பியதும் நைனா சொன்னார். எப்போது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நாங்கள் பூட்டிய கூடத்தில் பால் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வாசற்காரர் கூப்பிட்டபோதே போயிருந்தால் நேரத்துக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டாவது வேண்டுதல் மட்டும் எப்படியோ சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றாவது பலிக்கவே இல்லை. மாமாவோடு நான் பேசுவதை நிறுத்தினேன். தீபாவளிக்கு அவர் வாங்கி வந்த துணியைத் தொடவில்லை. ஏன் என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அம்மா உடம்பு தேறி வந்தபின், சீனு என்ற பேரை நான்தான் அவளிடம் சொன்னேன். இன்றும் அவனைப் பற்றிப் பேசும்போது அந்தப் பேரில்தான் பேசுகிறாள்.

இப்படி ஏழு வருஷம் போனது. பிளஸ் ஒன் படிக்க மாமா வீட்டுக்கு வந்து தங்கினேன். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, பேச்சுவாக்கில், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். தம்பி அன்று விடிவதற்கு முன்பே போய்விட்டான். அடக்கம் முடியும்வரை என்னை எங்காவது கூட்டிப்போய் வைத்திருக்கச் சொல்லி நைனாதான் மாமாவிடம் கேட்டுக்கொண்டாராம். அம்மாவைப் பற்றியும் டாக்டர்கள் அன்று காலை எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. போனை அணைத்துக் கொடுத்தபோது, திரும்ப வாங்கும்போது என்ன சேதி காத்திருக்கும் என்று மாமாவுக்குத் தெரியாது.

நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதெல்லாம் வழக்கமில்லை. அன்று சாயந்திரம் அவர் வந்ததும் காபி போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றார்.

என்னை எங்காவது வைத்திருக்க வேண்டுமென்றால் அவர் சினிமாவுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். பூங்காவுக்குப் போயிருக்கலாம். சாவுத் தீட்டு என்றும் பாராமல், ஒன்றை எடுத்துக்கொண்டுவிட்டு இன்னொன்றைக் கையில் வைத்திருந்தவரிடமே போய், வரிசையின் கடைசியில் நின்று, அக்காவைக் கொடு என்றுகூடக் கேட்காமல், வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். ஊரெல்லாம் வாயடிக்கிற மாமா சாமிக்கு முன்னால் பேச்சு வராமல் பயந்துவிட்டார் என்றுதான், அவர் தோளில் உட்கார்ந்திருந்த நான் அன்று நினைத்தேன்.