ஆத்தா சோறும் பட்டாளத்துச் சோறும்

குன்றாண்டார்கோவில் பக்கம் ஆரோக்கியதாஸ் என்று ஒரு முன்னாள் ராணுவ லாரி டிரைவர் இருக்கிறார். பெயரில் இருக்கிற ஆரோக்கியம் வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை. மலை முகாம்களில் வண்டி ஓட்டிய காலத்தில் பெருங்குடலில் புண் வந்தது. நாள் முழுக்கக் கழிப்பறைக்கு ஓடி, ரத்தமும் போகத் தொடங்கியதும் பட்டாளம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இன்றைக்கும் கீரனூருக்குப் பஸ் ஏறுவதென்றால் முதல் நாள் ராத்திரியே பட்டினி.

அனுப்பும் முன் டாக்டர்கள் கேட்டார்கள், இந்த நோய் எப்போதிலிருந்து என்று. வேலையால் வந்த நோய்க்குத்தான் டிஸபிலிட்டி பென்ஷன். மனிதருக்கு அது தெரியும். ஆனாலும் உப்பிட்டவரைக் குறை சொல்லக் கூடாதென்று ஒரு வீம்பு. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவைத்தார். உண்மையில், பட்டாளத்தில் சேரும்போது கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அவருக்கு. கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. விசுவாசத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

பென்ஷன் இல்லை என்று உத்தரவு வந்தது. பள்ளிக்கூட டீச்சரான அவர் மனைவி ஷர்லி, அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தார். சிறு வயது முதல் வீட்டு உணவால் வந்த நோய், சொன்னது மனுதாரரே. அந்த வீட்டில் அன்றுவரை சமையல் ஆரோக்கியதாஸின் ஆத்தா சின்னப்பிள்ளையின் பொறுப்பு. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"ஏன்டா, எங்கையால தின்னதா ஒன் வயித்தக் கெடுத்துச்சு?"

மறுநாளிலிருந்து கிழவி அடுப்பங்கரைக்குப் போகவில்லை. கேட்டால், "மருமக சமைக்கட்டும், எனக்கென்ன தெரியும்" என்பார்.

மேல்முறையீடு செய்யச் சொல்லி ஷர்லி உத்தரவைப் படித்த அன்றே கேட்டும் அசையாத ஆள், அந்த வாரமே மனு போட்டார். மறுபடியும் மெடிக்கல் போர்டு கூடியது.

"அன்னைக்கு ஏன் மாத்திச் சொன்னீங்க?" என்றார் பெரிய டாக்டர்.

"பட்டாளத்தக் குறை சொல்ல மனசு வரல சார். எங்க ஆத்தா மேல போட்டுட்டேன். அது பொய் சார்."

சேரும்போது எடுத்த மருத்துவச் சோதனையிலும் வயிற்றில் குறையில்லை என்றே இருந்தது. பென்ஷன் கிடைத்தது.

உத்தரவை எடுத்துக்கொண்டு நேரே ஆத்தாவிடம் போனார். "ஒன் சோத்துல குறை இல்லன்னு பட்டாளமே ஒத்துக்கிருச்சு ஆத்தா."

சின்னப்பிள்ளை காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பட்டாளம் சொல்றது கெடக்கட்டும்டா. நீ சொல்லு."